தாய்லாந்து அக்கா

சமாதான காலத்தில், விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து நான் பாங்கொக்கில் மூன்று வருடம் இருந்தேன். ஞாயிறு தோறும், இலங்கையில் எங்கள் ஊர்ப் பரந்தன் சந்திக் கடையொன்றில் வந்து காத்திருக்கும் அம்மாவுடன் தொலைபேசியில் பேசுவேன். நான் பேசும் கடையை நடத்தியவர் ஒரு தாய்லாந்து அக்கா. பருத்த உடம்பு, கன்னம் நிறையப் பவுடர். பேசி முடித்தவர்களின் முகம் வாடியிருந்தால், ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் நீட்டுவார்.

கனடா விசா கிடைக்கவில்லை என்று ஒரு ஞாயிறு அம்மாவிடம் சொன்னேன்.

“ஐயோ, இனி என்ன செய்யப்போறாய் தம்பி?” என்று அம்மா அழத் தொடங்கினா. நான் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கினேன். அக்கா எழுந்து வந்து ரிசீவரை வாங்கினார். தன்னுடைய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார், கேட்டார், தலையாட்டினார், ஒருமுறை சிரிக்கவும் செய்தார். பிறகு என்னிடம் தந்தார்.

அம்மாவின் அழுகை நின்றிருந்தது.

“ஆரது தம்பி?”

“கடைக்கார அக்கா. அவாவுக்குத் தமிழ் தெரியாதம்மா.”

“எனக்கும் அவாவின்ர பாஷை தெரியாதுதான். எண்டாலும் எல்லாம் கதைச்சனாங்கள். நீ ஒழுங்காச் சாப்பிடுறேல்லையாம்.”

அது உண்மைதான். அம்மாவுக்கு எப்படி விளங்கியது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.