கரிவலம் பஸ்ஸில் கனகலட்சுமி

எங்கள் குழுவில் யாரும் யாரிடமும் "பயப்படாதீங்க" என்று சொல்லக்கூடாது. "பயம் பத்துக்கு எத்தன?" என்றுதான் கேட்க வேண்டும். வியாழன்தோறும் எங்கள் எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைக்கும் மனநல ஆலோசகர் பிளஸ்ஸி போட்ட சட்டம் அது. நான் நெஞ்சுவலி வந்து பிழைத்தவன். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும் ஒவ்வொரு துடிப்புக்கும் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். கூடிப் பேசினால் இதெல்லாம் சரியாகிவிடுமாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

கனகலட்சுமியை அங்கேதான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளர். சாம்பார் கொதிக்கும் அண்டாவை அசராமல் இறக்கிவைக்கிற கைக்காரி. ஆனால் மூன்று வருடமாக எந்த வண்டியிலும் ஏறியதில்லை. ஏறினால் மூச்சு முட்டும், கை விறைக்கும். இப்போது சமையலராகப் பதவி உயர்வு வந்திருந்தது, எங்கள் சங்கரன்கோவிலிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக் கரிவலம்வந்தநல்லூரில். நாங்கள் கூடிய ஒரு வியாழன்தான் கடைசி நாள்; அன்று மாலைக்குள் சேராவிட்டால் வேலை கைநழுவிவிடும்.

"எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன்" என்று அழுதார்.

"சும்மா ஏறி உட்காருங்கம்மா, பஸ் கிளம்பும் முன்ன இறங்கிரலாம்" என்றார் பிளஸ்ஸி.

எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஜன்னல் வழியே துண்டைப் போட்டு நான்தான் இடம் பிடித்தேன். டிரைவர் டீ குடிக்கிறார், பயமில்லாமல் ஏறலாம் என்று அடித்துச் சொன்னவனும் நான்தான். அவர் வேறு பஸ் டிரைவர் என்பது எங்கள் வண்டி குலுங்கிக் கிளம்பியபோதுதான் தெரிந்தது.

கனகலட்சுமி கம்பியை இறுகப் பிடித்தார். "எட்டு... ஒம்பது..." என்றார். வண்டியை நிறுத்தச் சொல்லப் பிளஸ்ஸி எழுந்தார். பாழாய்ப்போன என் நெஞ்சு அந்த நேரம் பார்த்துப் படபடவென்று அடித்தது. "பத்து!" என்று கத்திவிட்டேன்.

கனகலட்சுமி கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, என்னையப் பாருங்க. மூச்ச மெதுவா விடுங்க. இப்ப எத்தன?"

"ஒம்பது."

"இப்ப?"

"எட்டு."

பின்சீட்டுக்காரர்கள்கூட "இப்ப எத்தனயாம்?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். நான் மூன்றுக்கு வந்தபோது, "கரிவலம்லாம் எறங்கு!" என்றார் நடத்துநர்.

இறங்கி ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகுதான், பஸ்ஸிலேயே வந்துவிட்டது கனகலட்சுமிக்கு உறைத்தது. சிரித்தார், அழுதார். நாங்கள் நடுரோட்டில் கைதட்டிக் குதித்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திடீரென்று அவர் முகம் மாறியது. "வேலை ஆர்டர் வீட்டுல கெடக்கே!"

"யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லுவோமா?" என்று பிளஸ்ஸி செல்போனை எடுத்தார்.

எதிரே சங்கரன்கோவில் பஸ் வந்தது. கனகலட்சுமி கையைக் காட்டி நிறுத்தினார். "எதுக்கு? நானே போய் எடுத்துட்டு அடுத்த பஸ்ல வாரேன்."

துணைக்கு நானும் படியில் கால் வைத்தேன்.

"நீங்க இங்கனயே இருங்க அண்ணாச்சி" என்றார் அவர். "உங்களையும் பாத்துக்கிட்டுப் போக நேரமில்ல."