துண்டுக்குள் இருந்த இன்னொரு கை

பேளுக்குறிச்சிச் சந்தையில் அப்துல் கரீமின் துண்டைத் தெரியாத ஆள் ஒருவன் இருந்தால், அவன் ஊருக்கே புதியவன் என்று வைத்துக்கொள்ளலாம். பச்சைக் கட்டம் போட்ட பெரிய துண்டு. கொல்லிமலையிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கும் குடியானவரின் கையை அதற்குள் வாங்கி, விரலைப் பிடித்தும் மடக்கியும் விலை கேட்பார். பிறகு அதே துண்டுக்குள் வெளியூர் வியாபாரியின் கை போகும். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் துணி அசைவதுதான் தெரியும், விலை தெரியாது. விற்றவருக்கு ஒரு விலை, வாங்கியவருக்கு ஒரு விலை, இரண்டும் தெரிந்தவர் கரீம் ஒருவர்தான். மாட்டுச் சந்தை வழக்கத்தை மிளகுக்குக் கொண்டுவந்ததே தான்தான் என்பார். மறுத்துப் பேசியவர்களுக்கு அந்த வாரம் மிளகு கிடைத்ததில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மலைமேல் திருப்புலி நாட்டுக்கு நடந்தே ஏறி, தலைச்சுமையாக மிளகு இறக்கி, சொந்தக் குடோன் போட்டு, மாடி வீடு கட்டியவர். லேசுப்பட்ட காரியமா? யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பாங்கு ஆபீசர்கள் அவர் குடோனுக்கு வந்தால் நாற்காலி நுனியில்தான் உட்கார்வார்கள். படிப்பு என்பது புத்தியில்லாதவனுக்குக் கொடுக்கிற ஊன்றுகோல் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார். ஆனாலும் ஒரே மகள் நஸ்லினைக் கோயமுத்தூரில் பட்டம் படிக்க வைத்தார். அவளும் அங்கேயே மசாலாச் சரக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில், கொள்முதல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏசி ரூம், சுழலும் நாற்காலி. சந்தையில் அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்காத காது இல்லை.

இரண்டாயிரத்து எட்டில் கம்பெனி அவளுக்கு ஒரு லேப்டாப் கொடுத்தது. வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்துவிட்டால் சனிக்கிழமை வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

"இங்கிருந்து அனுப்பினா நடுவால எவனும் பாத்துக்க மாட்டானா கண்ணு?" என்று கேட்டார் கரீம்.

"அதுக்குத்தானுங்கத்தா வி.பி.என். போட்டிருக்குது. இந்தப் பொட்டியிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு மூடுன குழாய் மாதிரி. வெளிய நிக்கறவனுக்கு உள்ள போறது தெரியாது."

கரீம் தொடையைத் தட்டினார். "அட, நம்ம துண்டு! இதுக்கா இத்தன படிப்பு?"

அன்று சந்தை முழுக்க அதே பேச்சு. வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான், நான் முப்பது வருஷமாகத் தோளில் போட்டிருக்கிறேன் என்றார். மிளகு கொண்டுவந்திருந்த எடப்புளி நாட்டுக் காத்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டான்:

"ஏனுங்க பாயி, அப்ப அந்தப் பொட்டிக்கும் தரகு உண்டுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கரீமும் சிரித்தார். அந்தக் கேள்வியை அவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது.

கொச்சியில் இருந்த பெரிய கம்பெனி ஒன்று நஸ்லினை நேரில் பார்த்துப் பேசி அனுப்பியிருந்தது. கொள்முதல் பிரிவுக்கே தலைமை. தன் பேச்சுக்கும் ஓர் இடத்தில் மரியாதை கிடைக்கப்போகிறது என்று அவள் முகமே மலர்ந்துபோயிருந்தது. இப்போதைய வேலையிலிருந்து ஏன் விலகுகிறீர்கள், எப்போது வந்து சேர்வீர்கள் என்று ஈமெயிலில் கேட்டிருந்தார்கள். பதில் போட்டால் வேலை உத்தரவு வந்துவிடும். அந்தச் சனிக்கிழமை சந்தை கலைந்த மத்தியானம் அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

"எங்க?" என்றார் கரீம்.

"சேந்தமங்கலத்துப் பிரவுசிங் சென்டருக்குங்கத்தா. பதில் போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வந்தர்றேன்."

"முதுகுக்குப் பின்னால நாலு பயலுக நின்னு பாப்பானுக. ஊட்டுல துண்டு இருக்கறப்ப நடுத்தெருவுல எதுக்குப் பேரம்? அந்தப் பொட்டியிலயே எழுது."

"இது கம்பெனி சாமானுங்க. குழாய் போயி முடியறதும் அவிங்க ஊட்டுலதானுங்க."

"உன்ற சொந்த ஈமெயில்தானே? கடவுச்சொல்லு உன்றதுதானே? பயந்து பயந்து பேசறதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்? குழாய்க்குள்ள போறது தெரியாதுன்னு நீதான சொன்னே!"

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜொஹ்ரா எட்டிப் பார்த்தாள். "அவ சொல்றத ஒருக்காக் கேட்டாத்தான் என்ன?"

"உனக்கு என்ன தெரியும்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடியும்.

நஸ்லின் உட்கார்ந்து எழுதினாள். கரீம் பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதினாள். இப்போதைய மேனேஜர் அர்த்தனாரிக்கு மிளகுக்கும் பப்பாளி விதைக்கும் வித்தியாசம் தெரியாது, அந்தப் பிரிவே நஸ்லின் மூளையில்தான் ஓடுகிறது என்று ஒரு வரி சொன்னார்.

"இதெல்லாம் எதுக்குங்கத்தா?"

"எழுது கண்ணு. நம்மள நாமதான் ஏத்திச் சொல்லோணும். யாரு பாக்கப்போறா? துண்டுக்குள்ள இருக்குது."

அனுப்பியாகிவிட்டது. அவள் லேப்டாப்பை மூடிய சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நஸ்லின் வரவில்லை. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. மறுநாள் சந்தைக்கு அர்த்தனாரி வந்தார். பருவத்தில் சரக்குப் பார்க்க வருவது வழக்கம்தான். மிளகை அள்ளி, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார். கரீம் துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்கறீங்களா பாய்?"

"உங்க தயவு. எவ்வளவு போடலாமுங்க?"

"விலை இருக்கட்டுங்க. இது மிளகா, பப்பாளி விதையா? எனக்குத்தான் வித்தியாசம் தெரியாதுங்களே."

கரீமின் விரல்கள் துண்டுக்குள் அப்படியே நின்றன. அர்த்தனாரி குரலை உயர்த்தவில்லை. சுற்றி நின்றவர்கள் ஏதோ பெரிய பேரம் நடக்கிறது என்று கழுத்தை நீட்டினார்கள்.

"தெருவுல நிக்கறவன் பாக்கக்கூடாதுன்னுதானுங்க அந்த வழியப் போட்டோம். ஆனா வழி எங்க ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்துதான் வெளிய போவுது. அந்தப் பொட்டியில ஈமெயில் தொறந்தாலும் சரி, சினிமாப் படம் பாத்தாலும் சரி, எங்க பக்கம் பதிவாயிரும். வேலைக்குச் சேர்றப்பவே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருக்கறோம். ஊரு பாக்காம மூடறது துண்டு. உள்ள கை வெச்சிருக்கறவனுக்கு என்னத்த மூடும்? இத நான் உங்களுக்குச் சொல்லோணுங்களா?"

"புள்ள ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. நாந்தான்..."

"நீங்கதான்னு படிக்கறப்பவே தெரிஞ்சுதுங்க. அந்தப் புள்ளைக்கு அப்படியெல்லாம் பேச வராது. ஆனா அனுப்புனது அது. நேத்தே கணக்கு முடிச்சாச்சு. கொச்சிக்காரங்களும் நமக்கு வேண்டியவங்கதான். இந்தப் புள்ள வேண்டாம்னு நானே போன் போட்டுச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, எந்த விரலையும் பிடிக்காமல் கரீமின் உள்ளங்கையை மடக்கி மூடினார். சந்தையில் அதற்குச் சரக்கு வேண்டாம் என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் கரீமின் கையை அப்படி எவனும் மூடியதில்லை.

"என்னங்க பாயி, படியலீங்களா?" என்றான் காத்தான். கரீம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்குப் போனபோது நஸ்லின் வந்திருந்தாள். துணிப் பெட்டி கூடத்தில் கிடந்தது. கரீம் நின்றபடியே ஆரம்பித்தார்.

"படிச்சவ நீ. நீயில்ல எடுத்துச் சொல்லியிருக்கோணும்?"

"சொன்னேனுங்கத்தா."

அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும், சத்தம் போட்டு ஜெயித்திருப்பார். ஜொஹ்ரா தண்ணீர்ச் செம்பை மகள் பக்கத்தில் வைத்துவிட்டு அவரைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நஸ்லின் குடோனில் மிளகு சலித்தாள். சுழலும் நாற்காலியைப் பற்றிச் சந்தையில் பேச்சு நின்றுபோனது, அதைப் பேசிக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டதால். வாரத்தில் இரண்டொரு மத்தியானம் அவள் தூசியைத் தட்டிவிட்டு சேந்தமங்கலம் போய்வந்தாள். எதற்கு என்று கேட்டால், "வேல இருக்குதுங்க" என்பாள். எந்தக் கம்பெனிக்கு எழுதுகிறாள், பதில் வந்ததா, ஒன்றும் சொல்வதில்லை. ஊரில் எல்லார் விலையும் தெரிந்த மனிதருக்கு, தன் வீட்டுக்குள் நடக்கிறது தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் சேந்தமங்கலம் போனார். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சுதாகர் எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"வாங்க பாய், உக்காருங்க."

"எம்பொண்ணு வருதல்ல, ஒழுங்கான எடந்தானே இது?"

"அது ரொம்ப உசாருங்க பாய். எந்திரிக்கறப்ப எல்லாத்தையும் மூடி, அழிச்சுட்டுத்தான் போவுது." சுதாகர் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "ஆனாப் பொட்டி நம்மளுதுங்களே. என்ன டைப் அடிக்கறாங்கங்கறது தனியா ஒரு எடத்துல விழுகற மாதிரி வெச்சிருக்கறேன். உங்களுக்குன்னா எடுத்துக் காட்டறதுல என்னங்க?"

பெரிய மனிதருக்கு உபகாரம் செய்கிற சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. அதே சிரிப்பைக் கரீம் எத்தனை வியாபாரிகளிடம் சிரித்திருக்கிறார்! இன்னொருவன் துண்டுக்குள் தன் வீட்டுக் கை இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வேண்டாம். எடுக்காத" என்றார். "எவனுக்கும் காட்டாத." அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்பதும் அவருக்குத் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். அங்கேயும் பார்க்கிறான், அங்கேயும் எழுதாதே. ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே? என்னை வேவு பார்க்கப் போனீர்களா என்று கேட்பாளே? பார்க்கவில்லை, வேண்டாமென்று வந்துவிட்டேன் என்றால் நம்புவாளா? கரீமின் பேச்சை நம்பி ஒரு தடவை எழுதியவள்.

மறுநாள் மத்தியானம் நஸ்லின் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். சேந்தமங்கலம் பஸ்ஸின் ஹாரன் முக்கில் கேட்டது. கரீம் குடோன் வாசலில் வழியை மறித்த மாதிரி நின்றார். வாயைத் திறந்தார்.

"என்னங்கத்தா?"

"ஒண்ணுமில்ல. பாத்துப் போ கண்ணு."

ரோட்டைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து, பஸ் ஏறினாள்.