கழிவுப் பட்டியலில் ஒரு அலமாரிக் கதவு

விதி பதினொன்று: யோசனைப் படிவம் வந்து சேர்ந்த முப்பது நாளுக்குள், அதைக் கொடுத்தவருக்கு எழுத்தில் பதில் தர வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தையும் எழுத வேண்டும். மைசூரில் எங்கள் ஆலையின் யோசனைத் திட்டத்தில் உள்ள விதி இது. ஆள்நிர்வாகப் பிரிவில் இருந்தபோது இதை எழுதியவன் நான். காற்புள்ளிகூட என்னுடையதுதான்.

ஓய்வு பெற்றபின் வாரத்தில் இரண்டு நாள் ஆலோசகராக வரச் சொன்னார்கள். அதற்குள் ஆலையில் ‘இன்னோவேஷன் செல்’ முளைத்திருந்தது. கண்ணாடி அறை, பல வண்ண நாற்காலிகள், யோசனைச் சீட்டு ஒட்ட ஒரு சுவர். ஆண்டுக்கொருமுறை புதுமை வாரம். பலூன், கேக், பனியன், பெங்களூரிலிருந்து ஒரு பேச்சாளர். வாரம் முடிந்த திங்கட்கிழமை துப்புரவுப் பணியாளர்கள் சீட்டுகளைக் கிழித்து வாரிக்கொண்டு போவார்கள். யாராவது படித்தீர்களா என்று கேட்டேன். போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம் என்றார்கள்.

உண்மையான புதுமை ஒன்று அந்த அறையிலிருந்து நூறடி தள்ளி, டெஸ்பாட்ச் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. பழைய பச்சை இரும்பு அலமாரி ஒன்றின் கதவு அது. இரண்டு பெஞ்சுகளின் மேல் கிடத்தி, மேல்பக்கம் மெழுகுவத்தி தேய்த்திருந்தார்கள். மோட்டார் பாகங்கள் நிறைந்த பெட்டி பேக்கிங் மேசையிலிருந்து கதவின் மேல் வழுக்கிக்கொண்டு எடை மேடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதைச் செய்தவர் தமிழக எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துப் பெண்மணி. நாற்பதைத் தாண்டியவர், ஒப்பந்தக்காரரின் ஆள். பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பெலும்பு நகர்ந்து போயிருந்தது. இனி கனம் தூக்கக்கூடாது என்று ஈ.எஸ்.ஐ. டாக்டர் சீட்டே எழுதியிருந்தார். தூக்காத வேலை என்னிடம் இல்லை என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். கதவு இருந்தால் அவருக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

“மேசையிலிருந்து கீழ எறக்கறோம், அப்புறம் தராசுக்கு மறுக்காத் தூக்கறமுங்க சார். எதுக்கு எறக்கோணும்?”

இந்தக் கேள்வியை எத்தனை வருஷமாக எத்தனை இன்ஜினீயர்கள் கேட்காமல் கடந்து போயிருக்கிறார்கள்! நானும் போயிருக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் என் புத்தி வேலை செய்தது, தவறான பக்கமாக. இதை முறைப்படி பதிவு செய்ய வேண்டும், படிவம் கொடுங்கள், பாராட்டுச் சான்றிதழ் வரும், எல்லாப் பிரிவிலும் இதே ஏற்பாடு வரும் என்றேன்.

அவர் மெழுகுவத்தியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: “படிவமெல்லாம் வேண்டாங்க சார். இத யாரும் பாக்கறதில்ல. அதனாலதான் இது நிக்குது.”

அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் கோப்போடு வாழ்ந்தவனுக்குக் கோப்பில் இல்லாத நல்லது கண்ணை உறுத்தும். நானே ஆங்கிலத்தில் படிவத்தை நிரப்பினேன். ஒப்பந்த ஆட்களுக்கு ஆலைக்குள் தபால் போடுவதில்லை என்பதால் முகவரிக் கட்டத்தில் என் வீட்டு விலாசத்தை எழுதினேன். நான் வற்புறுத்தியதால் அவர் கையெழுத்துப் போட்டார். ஆவணி மாதம் அது.

விதி ஒன்பதின்படி, படிவம் வந்தால் ஸ்டோர்ஸ், பாதுகாப்பு இரு பிரிவுகளின் கருத்தையும் கேட்க வேண்டும். அதுவும் நான் எழுதியதே. கேட்டார்கள். ஸ்டோர்ஸிலிருந்து ஒருவர் வந்து, கதவின் பின்பக்கம் குனிந்து பெயிண்டில் எழுதிய எண்ணைப் படித்து, பதிவேட்டைப் புரட்டினார். அந்த அலமாரி எப்போதோ கழிவுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கழித்த பொருள் வேலையிடத்தில் இருக்கக்கூடாது. உடனே அகற்றவும்.

இன்னோவேஷன் செல்லை நடத்தும் இளம் அதிகாரியிடம் போனேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழைவிடக் கன்னடம் சரளம்.

“ஐடியா சூப்பர் சார். ஆனா ரிஜிஸ்டர்ல இல்லாத பொருள சும்னே வச்சா, ஆடிட்ல யாரு சார் பதில் சொல்றது? ரூல்ஸ் உங்களதுதானே?”

என்னுடையதுதான்.

அகற்றும் உத்தரவு வந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். டெஸ்பாட்ச் பெண்கள் மறுபேச்சுப் பேசவில்லை. கதவைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சேவந்திச் சரம் சுற்றிவிட்டார்கள். மைசூரில் பூஜை போட்ட எதையும் விஜயதசமி கழியாமல் நகர்த்த எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது. மறுநாள் மங்களாரத்தியோடு சுற்றி வந்த பொது மேலாளர் கதவின்மேல் தம் கையால் ஒரு பூ வைத்தார். இது என்ன என்றார். “நம்ம இன்னோவேஷன் சார்” என்றார் இளம் அதிகாரி. போட்டோ எடுத்தார்கள். அது பெரிதாக்கப்பட்டு, சட்டமிடப்பட்டு, கண்ணாடி அறையின் சுவரில் ஏறியது.

விஜயதசமிக்கு மறுநாள் காலை கதவு கழிவுக் கிடங்குக்குப் போனது, சேவந்திச் சரத்தோடு.

புதிய யோசனைகள் வேண்டும் என்று கூவுகிற எந்த நிர்வாகத்தைக் கண்டாலும் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யோசனைக்கு எங்கே பஞ்சம்? இடுப்பு வலிக்கிற ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. ‘சரி, செய், தப்பானால் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துப் போட ஒரு மேலதிகாரி வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் கண்ணாடி அறை வேண்டாம். அப்படி ஒருவருக்கு இடமே இல்லாமல் இருபத்திரண்டு விதிகள் எழுதியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அந்தப் பெண்மணி மறுபடி தூக்கினார். பொங்கல் வரை தாங்கினார். வேலையை விட்டு ஊருக்குப் புறப்படும் முன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்றார். மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தேன்.

“உங்க மேல தப்பில்லைங்க சார்,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “எழுதாம இருந்திருக்கலாம்” என்றார்.

ஹனூர் பஸ் ஏறிப் போய்விட்டார். நானும் ஆலோசகர் வேலைக்கு முழுக்குப் போட்டேன். ஆனால் விதி பதினொன்றை விடவில்லை. ஐந்து நினைவூட்டல்கள், ஐந்தும் பதிவுத் தபாலில்.

கடைசியில் அவர் பெயருக்கு என் விலாசத்தில் ஒரு கடிதம் வந்தது. அவருடைய யோசனை புதுமையானது என்று குழு கருதுகிறதாம். மேல் நடவடிக்கைக்காக, கதவின் வரைபடத்தை மூன்று நகல்களுடன், தாம் தற்போது பணிபுரியும் பிரிவின் தலைவர் வழியாக அனுப்பி வைக்க வேண்டுமாம். படிவம் கொடுத்தது போன வருஷத்து ஆவணியில். கடிதம் என் கைக்கு வந்தது இந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு முதல் நாள்.