குடை சுற்றிய வைத்தியம்

சிலமலை வீருசின்னம்மாளுக்கு ஏலத்தோட்டத்துச் சரிவு என்றால் சொந்த வீட்டு முற்றம். மழையில் வழுக்கும் பாறையில் அவள் இறங்குகிற வேகத்தைப் பார்த்து வெட்கப்பட்டு வரையாடுகள் வேறு மலைக்குக் குடிபோய்விட்டன என்று கூட வேலை செய்யும் பெண்கள் சத்தியமே செய்வார்கள். அப்படிப்பட்டவளைப் போன மாசியில் வந்த காய்ச்சல், காதுக்குள் புகுந்து கவிழ்த்துவிட்டது. காய்ச்சல் போனது, கிறுகிறுப்பு தங்கிவிட்டது. தலையைத் திருப்பினால் சுவர் ஓடியது. எழுந்து நடந்தால் தரை ஆடியது.

போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றினால் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை இறுக மூடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதையே அவளுக்கும் எல்லோரும் சொன்னார்கள். சன்னலைச் சாத்தி, கண்ணை மூடி மாதக்கணக்கில் படுத்திருந்தாள். வீடு மணத்ததே தவிர, சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்குக்கூட அவளால் போக முடியவில்லை. இதற்குள் தோட்டத்துக் கங்காணி வெள்ளைத்துரை சொல்லியனுப்பிவிட்டார்: ஆவணியில் காய் எடுக்க வராவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள்.

கடைசியில் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கிறுகிறுப்புக்காரர்களுக்கு நடை பழக்கும் பெண் அவளைச் சோதித்துவிட்டு, கண்ணை மூடிக் கிடந்ததுதான் தப்பு என்றாள். காது கைவிட்டதைக் கண்ணும் மூளையும் பழகிப் பழகி ஈடுகட்ட வேண்டுமாம். அதற்கு, ஓடுகிற கோடுகளைப் பார்க்க வேண்டும். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்து. வீட்டில் செய்ய, பட்டை பட்டையாக நிறமுள்ள குடை ஒன்று போதும்.

கணவர் காசிமாயன் சந்தையில் குடை வாங்கிவந்து காலையும் மாலையும் அவள் முகத்துக்கு நேரே விரித்துச் சுழற்றினார். முதலில் அவள் வாந்தி எடுத்தாள். அப்புறம் அவரும் எடுத்தார். செய்வினை கழிக்கிறார்கள் என்று தெருவில் பேச்சானது. ஒருத்தி கோழியோடு வந்து தனக்கும் சுற்றச் சொன்னாள்.

"போதும் புள்ள, பேசாம கண்ண மூடிப் படு" என்றார் காசிமாயன்.

"மூடிக் கெடந்ததெல்லாம் போதும். நீங்க வெரசா சுத்துங்க."

ஆடி முடிவதற்குள் சுழலும் குடையைப் பார்த்தபடியே வாசலில் நேராக நடந்தாள். இனி மலையேறலாம் என்று தேனிப் பெண்ணும் சொல்லிவிட்டாள். ஆவணியில் ஜீப் ஏறியபோது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள, அவள் மட்டும் பின்னால் ஓடும் கறுப்பு வெள்ளைச் சாலையோரக் கற்களை ஆசையாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

கங்காணிக்கு நம்பிக்கை இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து காய் பொறுக்கினால் போதும் என்றார்.

"எறங்கிக் காட்டுறேன் அண்ணே. விழுந்தா நானே வீட்டுக்குப் போயிர்றேன்."

சரிவில் இறங்கினாள். ஓடைமேல் கிடந்த ஒற்றை மரத்தில் பாதி தூரம் போனதும் கீழே தண்ணீர் ஓட, உடம்பு லேசாகச் சாய்ந்தது. கரையிலிருந்த பெண்கள் மூச்சைப் பிடித்தார்கள். அவள் கண்ணை மூடவில்லை. எதிர்க்கரை ஏலச்செடியை முறைத்துக்கொண்டு நின்றாள். உலகம் அடங்கியது. விறுவிறுவென்று கடந்துபோய்த் தலையைத் திருப்பி, "நீங்களும் வாங்கண்ணே" என்றாள்.

வெள்ளைத்துரை மரத்தைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், சுற்றுவழியில் நடந்தார். மூச்சு வாங்க அவர் வந்து சேர்ந்தபோது, அவள் முதல் செடியை முடித்து அடுத்ததற்கு நகர்ந்திருந்தாள்.