இரண்டு சீட்டுக் காருக்கு ஒரு கேரியர்

சுதந்திரம் வந்த மறு வருஷம் என் கணவர் மதராஸில் இரண்டே சீட்டுள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். கூடுதலாக என்னென்ன பொருத்தலாம் என்று விற்பவர் சொல்லிக்கொண்டே போனார். மூடுபனி விளக்கு, இரட்டை ஹாரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிய என் கணவர், பின்பக்கம் சாமான் வைக்கும் கேரியருக்கு மட்டும் முகம் சுளித்தார்.

“அத மாட்டுனா காரோட அழகே பூடும்.”

“நம்ம திருத்தணியில ஏதுங்க மூடுபனி? கேரியர் இல்லாத கார்ல நான் ஏறமாட்டேன்” என்றேன். விளக்கும் வந்தது, கேரியரும் வந்தது.

ஊர் திரும்பியதும் மலையடிவாரத்தில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நாங்கள் விபூதி பூசிக்கொண்டு திரும்புவதற்குள், பூஜை பார்க்க நடந்து வந்திருந்த என் மாமியார் ஒரு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“காலு வலிச்சிகினே இருக்குது நைனா, நான் இதுலயே வரேன்” என்றார் மகனிடம்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறந்த வீட்டிலேயே கார் ஓட்டப் பழகியிருந்த நான், நேராகப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. பின்னால் கேரியரில் உட்கார்ந்து, அதன் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, “மெதுவா போயேன்!” என்று கத்தினார் என் கணவர்.

“இப்பத்தாங்க காருக்கே அழகு வந்திருக்குது” என்றேன், திரும்பாமலே.