கறுப்பு ரொட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த இலை

தேனிப் பக்கம் ரொட்டி என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் யாராவது கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு நின்றால், “எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீக, யாருக்கு என்ன?” என்றுதான் கேட்போம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன என்னை, லித்துவேனியாவில் என் மகள் ஒரு நாள் முழுக்க ரொட்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். அதுவும் டிக்கெட் எடுத்து. ரொட்டிச் சுற்றுலாவாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

நான் அந்த நாட்டுக்குப் போனது ரொட்டிக்காக இல்லை. மகளைக் கூட்டி வரப் போனேன். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கே கம்ப்யூட்டர் வேலை, நாலு வருடமாக அங்கேதான் இருக்கிறார்கள். அவளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற விஷயமே இல்லை. மாதம் ஏறிவிட்டால் விமானத்தில் ஏற்ற யோசிப்பார்கள் என்று சொன்னார்கள். அதற்குள் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று, கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். “பிள்ளையக் கூட்டிட்டுத்தான் வரணும், வெறுங்கைய வீசிக்கிட்டு வந்துறாத” என்று அவரும் சொல்லித்தான் அனுப்பினார்.

எங்களுடையது தேனி கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பத்துநாலு வருடமாக நான் அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டிபட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் எங்களிடம்தான் வருவார்கள். தாய்க்கு லேகியத்துக்கான சரக்கு, பிள்ளைக்கு உரை மருந்து எல்லாம் என் கையால் நிறுத்துக் கட்டியதுதான். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் கட்டிக் கொடுத்த கை, சொந்தப் பேரப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்காவிட்டால் இருந்தென்ன போயென்ன? அந்த நினைப்போடுதான் போனேன்.

போய்ப் பதினாலு நாள் ஆயிற்று. ஊருக்கு வருகிற பேச்சை எடுத்தாலே மகள் நழுவினாள். “அம்மா, காபி போடவா?” என்பாள். “அம்மா, அந்த நாரையப் பாரு” என்பாள். நாரையை நான் பார்த்ததே இல்லையா என்ன? பதினஞ்சாம் நாள் அவளாகவே வந்து, “நாளைக்கு ஒரு நா மட்டும் எங்கூட வா, ஒண்ணு காட்டணும்” என்றாள். மாப்பிள்ளைக்கு வேலை இருந்தது. நானும் அவளும், வேனில் இன்னும் ஒரு பத்துப் பேரும் போனோம்.

இரண்டு மணி நேரம் ஓடியும் ஒரு மலை கண்ணில் படவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை நிற்கிற ஊரில் பிறந்தவளுக்கு அது என்னவோ போல இருந்தது. மேற்கு எது என்று எதை வைத்துச் சொல்வார்கள்? வழியெல்லாம் ரை என்கிற தானியம் ஆள் உயரத்துக்கு நின்றது. மணல் மண்ணிலும் குளிரிலும் தாக்குப்பிடித்து விளையுமாம். மானாவாரிக் கம்பு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

வேன் ஒரு பண்ணை வீட்டில் நின்றது. ரொட்டி சுடுகிற அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் துணி கட்டி, ரெண்டு சட்டைக் கையையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தார். அவர் அவர்கள் பாஷையில் சொல்லச் சொல்ல, மகள் என் காதில் தமிழில் சொன்னாள். முந்தின நாள் சுட்ட ரொட்டியை முதலில் வெட்டிக் கொடுத்தார். கருப்பட்டி நிறம், கருப்பட்டி கனம். வாயில் போட்டால் கம்பங்கூழ்ப் புளிப்பு. அட, இது காய்ச்சல்காரர் தின்கிற பண்டம் இல்லையே என்று பட்டது. அந்த யோசனையில் என் கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அந்த அம்மா குனிந்து அதை எடுத்து, தூசி தட்டி, உதட்டில் வைத்து முத்தமிட்டுவிட்டு என்னிடமே கொடுத்தார். கீழே விழுந்த ரொட்டிக்கு அப்படித்தான் செய்வார்களாம். புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாதி நாம்.

மாவைக் காட்டினார். மரத்தில் குடைந்த நீளத் தொட்டி, அதற்குள் முந்தின நாள் கரைத்துப் புளிக்க வைத்த மாவு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி நின்றது.

“இதப் பாக்கவா டிக்கெட்டு? நம்ம வீட்டுப் பிரிட்ஜத் தொறந்தா தெனமும் இதான்டி” என்றேன்.

“சும்மா இரும்மா” என்று மகள் என் கையைக் கிள்ளினாள்.

மாவை எடுத்து முடித்ததும் தொட்டியில் ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டியிருந்தது. விருந்துக்குப் போன இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, தொட்டியைக் கழுவப் பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டேன். மகள் பாய்ந்து வந்து வாளியைப் பிடுங்கினாள். அந்தத் தொட்டியைக் கழுவவே மாட்டார்களாம். ஒட்டியிருக்கிற அந்தக் காய்ந்த மாவுதான் அடுத்த ரொட்டிக்கு உறை. அந்த அம்மாவின் அம்மா, அவருக்கும் அம்மா என்று கைமாறி வந்த புளிப்பு அது. வீடு மாறினாலும் முதலில் தூக்கிக்கொண்டு போவது அந்தத் தொட்டியைத்தானாம். நல்ல வேளை. ஒரு வாளித் தண்ணீரில் நாலு தலைமுறையைக் கழுவி விட்டிருப்பேன் பாவி.

பிறகு அவர் வேலை செய்வதை வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். செங்கல் அடுப்பில் நெருப்பை வாரி ஓரம் ஒதுக்கிவிட்டு, ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசினார். மாவு கருகினால் சூடு அதிகம், பழுத்தால் சரி. தெர்மாமீட்டர் கிடையாது. நீளக் கைப்பிடி வைத்த மரப் பலகையில் ஏதோ பச்சை இலைகளை வரிசையாகப் பரப்பி, அதன்மேல் மாவை வைத்து, ஈரக் கையால் தடவித் தடவி ஒரு வெடிப்பு இல்லாமல் வழித்தார். விரலால் மேலே ஒரு சிலுவை இழுத்தார். பலகையை உள்ளே நீட்டிச் சட்டென்று இழுத்தார், ரொட்டி இலையோடு அடுப்பில் உட்கார்ந்துகொண்டது. கதவைச் சாத்திவிட்டு எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

“ரொட்டி வேகுற வரைக்கும் சத்தம் போடக் கூடாதாம்மா. கதவ அடிச்சுச் சாத்தக் கூடாது, சண்ட போடக் கூடாது. போட்டா ரொட்டி வெடிச்சுருமாம்” என்றாள் மகள்.

“எம்புட்டு நேரம்?”

“ரெண்டு மணி நேரம்.”

ரெண்டு பேரும் வெளியே ஆப்பிள் மரத்தடிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். இதை விட்டால் நேரம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

“ஏத்தா, டிக்கெட்டு எப்பப் போடப் போற?” என்று குசுகுசுத்தேன்.

“வீட்டுக்குப் போயிப் பேசுவோமே.”

“அங்கன கேட்டா நாரையக் காட்டுற. இங்கனயே சொல்லு.”

“அவருக்குப் பக்கத்துல இருக்கணும்னு ஆசையா இருக்கும்மா. இங்கன பிரசவ ரூமுக்குள்ளயே புருசன விடுவாக.”

“மாப்பிள்ள உள்ள வந்து என்ன செய்யப் போறாரு? மயங்கி விழுந்தா அவரத் தூக்குறதுக்கு ரெண்டு நர்சு வேணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் நான் விடவில்லை. “ஊருக்கே மருந்து குடுக்குறவ பெத்த மகளப் பாக்கலன்னு நாலு பேரு கேப்பாகளே, நா என்ன சொல்ல?”

“அந்த நாலு பேருமா வந்து வலி தாங்கப் போறாக?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “என்னடி பேசுற நீ?” என்று ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள், கடைவீதியில் லாரி ஹாரனுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தது. அடுப்படி ஜன்னலில் அந்த அம்மாவின் தலை தெரிந்தது. உதட்டில் விரல். கூட வந்த பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். கப்பென்று வாயை மூடிக்கொண்டேன். என் மாமியாரால் முப்பது வருடத்தில் முடியாததை அந்த ரொட்டி செய்துவிட்டது.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று உள்ளுக்குள் முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தேன். பேச முடியாமல் போனதால் மகளைப் பார்த்தேன். கால் லேசாக வீங்கியிருந்தது. ஒரு கை வயிற்றிலேயே இருந்தது. கண் கலங்கியிருந்தது, என்னிடம் காட்டாமல் இருக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கு நாலு பேரைப் பற்றிக் கவலையில்லை. பயம். வலி வந்து அவள் கத்தும்போது, அவள் பாஷை தெரியாத ஒரு ஊர் அவளைச் சுற்றி நிற்குமே என்கிற பயம். கோபமெல்லாம் அதற்கு மேலே போட்ட பூச்சு.

உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அம்மா பலகையை விட்டு முதல் ரொட்டியை வெளியே எடுத்தார். துண்டை வைத்துப் பிடித்துக் கவிழ்த்து, அடியில் விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். சரியாக வெந்திருக்கிறது என்று தலையாட்டினார். அடியில் கருகி ஒட்டியிருந்த இலைகளைப் பிய்த்து அடுப்போரத்துத் தணலில் போட்டார். புகை கிளம்பியது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாலும் அந்த வாசனையை நான் சொல்லிவிடுவேன். சுட்ட வசம்பு. காய்ந்த இஞ்சி போலக் கணுக்கணுவாக இருக்கிற வேர். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் அதை விளக்கில் காட்டிச் சுட்டு, கல்லில் உரசி வயிற்றில் தடவுவோம். துண்டு போட்டுத் துளைத்துக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டுவோம். கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் நுழைந்தாலே முதலில் மூக்கில் ஏறுவது அந்த வாசனைதான்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்த் தரையில் மிச்சம் கிடந்த ஒரு பச்சை இலையை எடுத்தேன். கசக்கினேன். அதேதான். பெயரைச் சொல்ல வாயெடுத்தவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். மணி ஆறரை. விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, அங்கே கோடையில் ராத்திரி பத்து மணிக்குத்தான் இருட்டும். எந்த ஊர் கணக்கை எடுப்பது? வம்பெதற்கு என்று மகளின் காதில், “ஏத்தா, இது பேர் சொல்லாததுடி” என்றேன்.

கடையில் தவழ்ந்து வளர்ந்தவள் அல்லவா, உடனே புரிந்துகொண்டாள். “வெளயாடாதம்மா. அது வேருல்ல?”

“வேருக்கு மேல எல இருக்காதா? எனக்கே இப்பத்தான் ஒறைக்குது.”

வெட்கமாக இருந்தது. மதுரையிலிருந்து சாக்கில் வரும், நிறுத்துக் கொடுப்பேன். முப்பத்துநாலு வருடத்தில் அதற்கு இலை உண்டா, அது எங்கே நிற்கும், எப்படி அசையும் என்று ஒரு நாள் கேட்டதில்லை. அதைக் காட்ட அந்த வேரே என்னை இம்புட்டு தூரம் வரவழைத்திருக்கிறது.

மகள் விசாரித்தாள். அந்த அம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்துக்குக் கூட்டிப் போனார். கரை நெடுக அருவாள் மாதிரி இலைகள், இடுப்பு உயரத்துக்கு, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு நான் சேற்றில் இறங்கினேன். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வெள்ளையும் ரோஸுமாகக் கணுக்கணுவாய் வேர் வந்தது. ஒடித்தேன். எங்கள் கடை மொத்தமும் அந்தக் குளத்தங்கரையில் வந்து நின்றது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். “ஆத்தா, நீ இங்கனயா இருக்க?” என்று வாய்விட்டே கேட்டேன்.

நான் ஏன் கும்பிடுகிறேன் என்று அந்த அம்மா கேட்டார். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்த வேரைத்தான் காவலாகக் கட்டுவோம் என்று மகள் சொன்னாள். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அவர்கள் இலையை மட்டும்தான் அறுப்பார்களாம், வேரைத் தொட்டதில்லையாம். என்னைப் பார்த்தார், மகளின் வயிற்றைப் பார்த்தார். போய் மண்வெட்டியோடு வந்தார். ஒரு கொத்து வேரைக் கெல்லி, குளத்துத் தண்ணீரில் அலசி, மகளின் ரெண்டு கையிலும் வைத்தார்.

சேற்றுத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுக, அதைப் பிடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: “அம்மா, நா ஊருக்கு வரல. இங்கனயே பெத்துக்கிறேன். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம மூணு மாசமா முழிக்கிறேன். நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி.”

ரொட்டி வெந்தாகிவிட்டது. இனி எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ரெண்டு பேரும் அழுதோம், அந்த அம்மாவும் எதற்கென்று தெரியாமல் கூட நின்று கண்ணைத் துடைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளின் கையிலிருந்த வேரைத் தொட்டுப் பார்த்தேன்.

“பச்ச வேரக் கட்டக் கூடாது, புண்ணாக்கிரும்” என்றேன். “மயிரு வேரெல்லாம் சீவிட்டு நெழல்ல காயப் போடு. வெயில்ல போட்ட, வாசம் போயிரும்.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “எத்தன நாளைக்கும்மா காயணும்?”

“நான் திரும்பி வர்ற வரைக்கும் காயட்டும்” என்றேன்.