வெள்ளை உடுத்திய ஐந்து பெண்கள்

அக்கா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாமியார் வீட்டுக் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். 'சாவில் சந்தேகம் எதுவும் இல்லை' என்று போலீஸார் எழுதியிருந்த தாளில் அம்மா கைநாட்டு வைத்தாள்.

அப்போது நான் அஞ்சல் வழியில் ஓவிய வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு பிரெஞ்சு ஓவியத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். பழைய கிரேக்கப் பெண்களைப் போல, தோளிலிருந்து கால்வரை தழையும் வெள்ளை ஆடையில் ஐந்து பெண்கள் குளத்தங்கரையில் நிற்கிறார்கள். முகம் என்று எதுவும் இல்லை, இரண்டு மூன்று தீற்றல்தான். துணிமேல் வெயில் நீலமும் மஞ்சளுமாக விழுந்திருந்தது. வெளிச்சத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, மேலே ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நடவுக்குப் போய்விட்டு வந்த அம்மா என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, சாவு வூடா?"

"இல்லம்மா. அந்தக் காலத்து உடுப்பு. சும்மா நிக்கிறாங்க."

"இவ சும்மா நிக்கல." ஓரத்தில் நின்றவள்மேல் விரலை வைத்தாள். "நாலு பேரும் பேசிக்கினு இருக்காளுங்க. இவள ஒருத்தியும் திரும்பிப் பாக்கல பாரு."

எத்தனையோ முறை பார்த்த படம். என் கண்ணில் அது படவே இல்லை. நல்ல விளக்கம் என்று பேனாவை எடுத்தேன். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொங்க வரிசை எடுத்துக்கினு சுத்துக்கேணிக்கு அவ மாமியா வூட்டுக்குப் போனன் இல்ல, அப்ப உங்கக்கா இப்டித்தான் நின்னா. மாமியாரும் நாத்தனாரும் எங்கிட்ட சிரிச்சி சிரிச்சிப் பேசினாளுங்க. இவ கையில சூடு வச்ச தழும்பு. 'என்ன இட்டுக்கினு போய்டும்மா'ன்னா. 'அனுசரிச்சிப் போடி'ன்னுட்டு நான் பஸ் ஏறிட்டன்."

"ஏம்மா அப்பவே சொல்லல?" கத்திவிட்டேன்.

"சொன்னா நானும்தான அவளக் கொன்னதா ஆவும்?"

மறுநாள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். "கைநாட்டு வச்சது நீதானம்மா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அதன்பின் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

பரீட்சையில் அந்த ஓவியமே வந்தது. அம்மா சொன்னதை எழுதக் கை வரவில்லை. வெளிச்சத்தைப் பற்றி எழுதிப் பாஸானேன்.

ஆவணியில் அக்கா புருஷனுக்கு மறுகல்யாணம் என்று தெரிந்ததும், அம்மா பெண் வீட்டைத் தேடி அபிஷேகப்பாக்கத்துக்குத் தனியாகப் போனாள். பெண்ணின் தாயை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாளாம். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டாளாம்.

"பத்திரிக்க வச்சிட்டோமேக்கா" என்றாளாம்.